ஒரு வாட் போதும் மக்களே!

மூணு மாசமா என்னோட சனி ஞாயிறு எல்லாத்தையும் முழுங்கின ஒரு பெட்டி, அன்னிக்குத்தான் முதல்முறையா வாயைத் திறந்துச்சு. ஞாயித்துக்கிழமை, காலைல 11 மணி. ரெண்டு வால்வு, ஒரு பழைய 8 இன்ச் ஸ்பீக்கர், 5 வாட். கிட்டாரை மாட்டி, வால்யூமை முக்கால்வாசி திருகி ஒரு ஈ கார்டு அடிச்சேன். ஜன்னல் கண்ணாடி கிடுகிடுன்னு ஆடுச்சு. பிறவிப்பயன் எய்தியாச்சுடான்னு நினைச்சுக்கிட்டேன்.

பத்தாவது நிமிஷம் கதவைத் தட்டுற சத்தம்.

பக்கத்து போர்ஷன் தம்பி. கண்ணு ரெண்டும் செக்கச் செவேல்னு இருந்துச்சு. "அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. நைட் ஷிஃப்ட் முடிச்சு எட்டு மணிக்குத்தான் வந்து படுத்தேன். இன்னிக்கும் நைட்டு போகணும். கொஞ்சம்..." அவ்வளவுதான் சொன்னார். நாலு வார்த்தை திட்டியிருந்தா கூட நிம்மதியா இருந்திருக்கும். அவர் அப்படி சிரிச்சுக்கிட்டே கேட்டது ரெண்டு நாள் மனசுல உறுத்திக்கிட்டே இருந்துச்சு.

நான் இருக்குறது வல்லம் வடகால். ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவுல இருக்குற சிப்காட் ஊர். ராயல் என்ஃபீல்டு புல்லட் செய்ற ஆலை ஒண்ணு இங்கதான் இருக்கு. 2024 ஆகஸ்ட்ல 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குற மாதிரி பெரிய விடுதி திறந்தாங்களே, அதுவும் இங்கதான். சுத்து வட்டாரத்துல ஃபோன், கார், டயர், கண்ணாடின்னு என்னவெல்லாமோ செய்றாங்க. எல்லாம் ஷிஃப்ட் கணக்கு. அதனால எங்க ஊர்ல நீங்க எந்த நேரத்துல கடிகாரத்தைப் பார்த்தாலும், அந்த நேரத்துல யாரோ ஒருத்தர் தூங்கிக்கிட்டு இருப்பார்.

சட்டத்துக்கு இது தெரியாது. 2000-ல வந்த ஒலி மாசு விதிகள்ல குடியிருப்புப் பகுதிக்குப் பகல்ல 55 டெசிபல், ராத்திரி 45 டெசிபல்னு போட்டிருக்கு. பகல்னா காலை 6 மணியில இருந்து ராத்திரி 10 மணி வரைக்கும். அதாவது ஊரே ராத்திரி தூங்கும்னு ஒரு நம்பிக்கை. காலைல எட்டு மணிக்குப் படுக்குற ஆளுக்கு அதுல இடமே இல்ல. அந்த ஆள் என் சுவத்துக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கார்.

அதனால நான் இப்போ சொல்லப் போறது என்னோட உறுதியான கருத்து, சண்டைக்கு வர்றவங்க வரலாம். நம்மள மாதிரி ஆளுங்களுக்கு கிட்டார் ஆம்ப் 1 வாட் போதும். அதுவும் காயலான் கடை, ரிச்சி ஸ்ட்ரீட் பாகங்களை வச்சு நாமளே செஞ்சது போதும். காசு இல்லாததால பண்ணிக்கிற சமரசம்னு இதை நான் நினைக்கல. இதுதான் சரியான அளவு.

வாட் கணக்கு

பொதுவா நம்மாளு என்ன நினைப்பான்? 100 வாட் ஆம்ப், 1 வாட் ஆம்பை விட நூறு மடங்கு சத்தம்னு. கிடையாது. காதுக்கு சத்தம் ரெண்டு மடங்கா தெரியணும்னா வாட் பத்து மடங்கு ஏறணும். அப்படின்னா 100 வாட்டு, 1 வாட்டை விட ஏறக்குறைய நாலு மடங்குதான். 100 வாட்டுக்கும் 50 வாட்டுக்கும் வித்தியாசம் வெறும் 3 டெசிபல்.

இன்னொரு பக்கமும் பாருங்க. நல்ல கிட்டார் ஸ்பீக்கர் ஒண்ணு, 1 வாட் கொடுத்தா ஒரு மீட்டர் தள்ளி 97 டெசிபல் மாதிரி கத்தும். அமெரிக்காவுல வேலையிட சுகாதாரத்துக்குன்னு இருக்குற நியோஷ் அமைப்போட பரிந்துரைப்படி, 85 டெசிபல் சத்தத்துல எட்டு மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். நீங்களே கணக்குப் போடுங்க, 97-க்கு அரை மணி நேரம் வரும். பத்துக்குப் பத்து ரூம்ல ஒரே ஒரு வாட்டுக்கே இந்த நிலைமை!

"அப்ப பெரிய ஆம்பை வாங்கி வால்யூமைக் கம்மியா வைடா"ன்னு கேப்பீங்க. அங்கதான் சிக்கல். வால்வு ஆம்போட அழகே அதை மூச்சுத் திணற விடும்போதுதான் வரும். வால்வுக்கு மேல பாரம் ஏத்த ஏத்த அலையோட தலை படக்குனு வெட்டுப்படாம மெதுவா நசுங்கும். நாம மெல்லமா அடிச்சா சுத்தமா பேசும், அழுத்தி அடிச்சா கரகரன்னு உறுமும். விரல் சொல்றதை அது கேக்கும். ஒரு 50 வாட் ஆம்பை அந்த நிலைக்குக் கொண்டு போகணும்னா வல்லம் வடகால்ல இருந்து வாலாஜாபாத் வரைக்கும் கேக்கணும். 1 வாட் ஆம்ப் வீட்டுக்குள்ளயே அந்த இடத்துக்கு வந்துடும்.

நல்ல சத்தம் எல்லாம் கையில கிடைச்சதுல வந்ததுதான்

சின்ன ஆம்ப்னா இளக்காரமா பாக்குறவங்களுக்கு ஒரு குட்டி வரலாறு. ஃபெண்டர் கம்பெனி 1948-ல கத்துக்குற பசங்களுக்காக ஒரு சின்ன ஆம்ப் போட்டாங்க. அதோட வாரிசுதான் 'சாம்ப்'. சுமார் 5 வாட்டு, ரெண்டு வால்வு, ரெக்டிஃபையருக்கு இன்னொண்ணு. அவ்வளவுதான். 1970-ல வந்த 'லைலா' ஆல்பத்துக்கு எரிக் கிளாப்டன் வாசிச்சது இந்த சாம்ப்லதான்னு சொல்றாங்க.

அடுத்தது மார்ஷல். லண்டன்ல இசைக்கருவிக் கடை வச்சிருந்த ஜிம் மார்ஷலோட ஆளுங்க, 1962-ல ஃபெண்டரோட பேஸ்மேன் ஆம்பைப் பார்த்து அதே மாதிரி ஒண்ணு செஞ்சாங்க. அமெரிக்க சரக்கு அங்க யானை விலை. அதனால உள்ளூர்ல கிடைச்ச டிரான்ஸ்ஃபார்மர், உள்ளூர் ஸ்பீக்கர், அப்புறம் கொஞ்ச நாள்ல கேடி66-ன்னு பிரிட்டிஷ் வால்வு. காப்பி அடிக்கப் போய் சத்தம் வேற மாதிரி வந்துச்சு. அந்த 'வேற மாதிரி'தான் பின்னாடி ராக் இசையோட குரலே ஆச்சு.

பீட்டில்ஸ் வாசிச்ச வாக்ஸ் ஏசி30-ல இருந்தது நாலு ஈஎல்84. அது என்ன வால்வு தெரியுமா? நம்ம தாத்தா காலத்து ரேடியோவுல ஸ்பீக்கரை ஓட்டுன அதே வால்வு. 1954-ல பெங்களூர்ல தொடங்கின பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1961-ல இருந்து ரேடியோ வால்வு செஞ்சாங்க. 'பெல்'னு அச்சடிச்ச ஈஎல்84, ஈசிசி83 எல்லாம் இன்னிக்கும் வெளிநாட்டு கிட்டார்காரங்க தேடி வாங்குறாங்க. நம்ம பரண்ல கிடக்குறதோட மதிப்பு நமக்குத்தான் தெரியல.

நான் செஞ்ச பெட்டி

அந்த 5 வாட் பெட்டியைப் பிரிச்சு 1 வாட்டா மாத்தினேன். இப்ப உள்ள என்ன இருக்குன்னு சொல்றேன்.

வால்வு ரெண்டு. முன்னாடி ஈசிசி83, பின்னாடி ஈஎல்84. ரெண்டும் பழைய பெல் சரக்கு. ஈஎல்84-க்கு 250 வோல்ட் கொடுத்தா 5 வாட் வரும். 130 வோல்ட் பக்கத்துல பட்டினி போட்டா ஏறக்குறைய 1 வாட்டுக்கு இறங்கிடும்.

அந்த 130 வோல்ட்டுக்கு தனியா டிரான்ஸ்ஃபார்மர் சுத்தத் தேவையில்ல. ரிச்சி ஸ்ட்ரீட்ல எந்தக் கடையிலயும் கிடைக்கிற 6-0-6, 3 ஆம்பியர் ஒண்ணு, 12-0-12, 1 ஆம்பியர் ஒண்ணு. முதலாவதுல பாதிச் சுருளை எடுத்தா 6 வோல்ட். அது வால்வோட இழைகளைச் சூடாக்கும். அதே 6 வோல்ட்டை ரெண்டாவது டிரான்ஸ்ஃபார்மரோட 12 வோல்ட் பாதிச் சுருள்ல தலைகீழா ஏத்தினா, 230 போட வேண்டிய பக்கத்துல சுமார் 100 வோல்ட் ஏசி வரும். அதை டிசி ஆக்கினா 130 பக்கம். ரெக்டிஃபையருக்கு எரிஞ்சு போன ஒரு சிஎஃப்எல் பல்பை உடைச்சா நாலு டயோடு இருக்கும். ஃபில்டருக்கு, செத்துப் போன கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ்ல ரெண்டு குண்டு கெபாசிட்டர், 200 வோல்ட் தாங்குறது, சும்மா கிடக்கும். உப்பாம இருக்கான்னு மட்டும் பார்த்துக்கணும்.

கடைசியா அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். வால்வுக்கு ஆயிரக்கணக்கான ஓம், ஸ்பீக்கருக்கு 8 ஓம். ரெண்டையும் சேத்து வைக்கிற தரகர் அது. கிட்டாருக்குன்னே செஞ்சதை வெளிநாட்டுல இருந்து வரவழைச்சா கூரியருக்கே அழணும். இதுக்கு வழி சொன்னது எங்க சொந்த ஊர் மைக் செட் அண்ணாச்சி.

திருவிழாவுக்குக் குழாய் கட்டுற ஆளு. இன்னும் ரெண்டு வால்வு ஆம்ப்ளிஃபையரை உசிரோட வச்சிருக்கார். "தம்பி, குழாய்க்கு மாட்டுற லைன் மேட்சிங் டிரான்ஸ்ஃபார்மர் போதுமே, அதுவும் இதே வேலையத்தான பாக்குது?"ன்னார். நாலு வருஷம் ஈசிஇ படிச்சவனுக்குத் தோணல. உக்காந்து கணக்குப் போட்டேன். 100 வோல்ட் லைன், 2.5 வாட் டேப். நூறை வர்க்கமாக்கி 2.5-ஆல வகுத்தா 4000 ஓம். ஈஎல்84-க்கு 5000 பக்கம் இருந்தா உத்தமம், 4000-மே தாராளமா ஓடும். இது நேர் மின்சாரம் ஓடுறதுக்காக செஞ்சது இல்ல, இரும்பு சீக்கிரம் திணறும். அதனால தேவைக்கு மேல பெருசா, 10 வாட் ரகமா வாங்கினேன். அடிச்சத்தம் கொஞ்சம் குறையும். கிட்டாருக்கு அது பெரிய நஷ்டம் இல்ல.

ஆக, என் ஆம்போட தொண்டை கோயில் குழாயோட தொண்டை. மார்ஷலுக்கு லண்டன் இரும்புன்னா எனக்கு அம்மன் கோயில் இரும்பு :)

மொத்தம் நாலாயிரத்துக்குள்ள முடிஞ்சுது. ஒரு தடவை மெட்ராஸ் போய் மால்ல சினிமா பார்த்து சாப்பிட்டு வந்தா ஆகுற செலவை விடக் கொஞ்சம் கூட.

ஃபோன்ல ஆப் இருக்கே?

இருக்கு. நல்லாவே இருக்கு. ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டா பக்கத்து வீட்டுக்கு ஒரு சத்தமும் போகாது. நேர்மையா சொன்னா, வெறும் சத்தத்துக்காகன்னா நீங்க அதையே வச்சுக்கலாம். அதுல நான் சண்டை போட மாட்டேன்.

ஆனா எனக்கு வேற ஒரு பசி இருந்துச்சு. நான் பொட்டி தட்டுறது ஆலைகளுக்கான மென்பொருள்ல. லைன்ல எந்தப் பொருள் எந்த ஸ்டேஷன்ல நிக்குதுன்னு காட்டுற திரை. அதுல என் பங்கு ஒரே ஒரு மாட்யூல். பக்கத்துல இருக்குற மாட்யூல் எப்படி ஓடுதுன்னு கேட்டா முழிப்பேன். பக்கத்து வீட்டுத் தம்பியோ நாள் பூரா ஒரே ஒரு வேலைதான் செய்றார், ஒரு பாகத்தை எடுத்து, வச்சு, அழுத்தி, தள்ளி விடுறது. இந்தத் தடத்துல இருந்து நாள் தவறாம லாரி லாரியா பொருள் வெளில போகுது. அதுல ஒண்ணையாவது "இதை முழுசா நான் செஞ்சேன்"னு சொல்லக்கூடிய ஆள் ஒருத்தர் கிடையாது. குறையா சொல்லல, இன்னிக்கு உலகம் அப்படித்தான் ஓடுது.

காலேஜ்லயும் இதே கதைதான். லேப்ல அவுட்புட் வந்துச்சா, ரெக்கார்டு எழுதினியா, கையெழுத்து வாங்கினியா. சால்டரிங் அயர்னை நான் ஒழுங்கா பிடிச்சதே வேலைக்குச் சேர்ந்து அஞ்சு வருஷம் கழிச்சுதான்.

இந்தப் பெட்டிக்குள்ள மொத்தம் இருபத்துச் சொச்சம் பாகம். ஒவ்வொண்ணும் ஏன் அங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். எதைக் கழட்டினா என்ன ஆகும்னு தெரியும். முதல் நாள் "ம்ம்ம்..."னு வந்த ஹம்மை மூணு ராத்திரி தேடி, ஒரு எர்த் ஒயரை இடம் மாத்திப் போக்கினேன். 50 வாட், ரெண்டு சேனல், ரிவர்ப் அது இதுன்னு போயிருந்தா என் மண்டைக்குள்ள அடங்கியிருக்காது. ஒரு மனுஷன் முழுசா புரிஞ்சுக்கக்கூடிய அளவுலயும் இந்த 1 வாட்தான் இருக்கு.

ரெண்டு எச்சரிக்கை

ஒண்ணு, உயிர் பத்தினது. 130 வோல்ட்தானேன்னு நினைக்காதீங்க, ஆளைக் கொல்ல அது போதும். பிளக்கைப் புடுங்கின பிறகும் கெபாசிட்டர்ல மின்சாரம் நிக்கும். "கெபாசிட்டருக்கு கரண்ட் போனது தெரியாது தம்பி"ன்னு அண்ணாச்சி சொல்வார். அதுக்குக் குறுக்க 47 கிலோ ஓம், 1 வாட் ரெசிஸ்டர் ஒண்ணைப் போட்டா ரெண்டு மூணு நிமிஷத்துல காலியாகும். ஆனாலும் மீட்டர் வச்சுப் பாக்காம கை வைக்கக் கூடாது. ஓடிக்கிட்டு இருக்கும்போது அளந்தா ஒரு கை பாக்கெட்டுக்குள்ள இருக்கணும். ஃபியூஸ் வேணும், இரும்புச் சட்டத்துக்கு எர்த் வேணும். பழைய ரேடியோவுல சிலது டிரான்ஸ்ஃபார்மரே இல்லாம நேரா கரண்ட்டுல ஓடுற ரகம், சட்டமே ஷாக் அடிக்கும். அதுல கிட்டாரைச் சொருகினா கிட்டார் கம்பியும் கரண்ட் கம்பியும் ஒண்ணுதான்.

ரெண்டாவது, மனசு பத்தினது. எனக்கு முதல்ல வால்வு கிடைக்கல. ஆயா வீட்டுல தாத்தாவோட வால்வு ரேடியோ இருந்துச்சு, அதுல ஒரு ஈஎல்84. நைசா கழட்டிக்கிட்டு அண்ணாச்சிகிட்ட காட்டினேன். "ரேடியோ பாடுதா?"ன்னார். பாடுதுன்னேன். "ஓடுற வண்டில சக்கரத்தைக் கழட்டுவியா? போய் மாட்டிட்டு வா"ன்னுட்டார். மாட்டிட்டு வந்தேன். அப்புறம் அவரே, பாடி செல்லரிச்சுப் போன ஒரு ஆம்ப்ளிஃபையர்ல இருந்து வேற ஒண்ணு எடுத்துக் கொடுத்தார்.

செத்ததுல இருந்து எடுங்க, உசிரோட இருக்குறதுல கை வைக்காதீங்க. அப்படிச் செத்ததும் கிடைக்கலையா, ஈஎல்84-உம் ஈசிசி83-உம் இன்னிக்கும் ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனாவுல புதுசா செய்றாங்க. 2022-ல உக்ரைன் போர் தொடங்கினப்ப ரஷ்ய வால்வு வராதுன்னு ஒரே களேபரம், விலை ஏறுச்சு, அப்புறம் வந்துச்சு. கொஞ்சம் காசு கூட ஆகும், அவ்வளவுதான். தாத்தா ரேடியோவை யாரும் புதுசா செஞ்சு தரப் போறதில்ல.

கடைசியா என்ன ஆச்சு?

1 வாட் தயாரானதும் நானே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். "தம்பி, ஒரு அஞ்சு நிமிஷம். நீங்க உங்க ரூம்ல படுங்க, நான் இங்க வாசிக்கிறேன். கேக்குதான்னு சொல்லுங்க."

கேட்டுச்சு! 5-ல இருந்து 1-க்கு வந்தா குறையுறது 7 டெசிபல்தான். என் கணக்கு என்னையே கடிச்சுது. அப்புறம் ஸ்பீக்கருக்கு முன்னாடி ரெண்டு பெரிய ரெசிஸ்டரைப் போட்டு ஒரு ஸ்விட்ச் வச்சேன். 1 வாட்ல முக்காலே மூணு வீசம் சூடா போயிடும், மிச்சம் ஸ்பீக்கருக்கு. வால்வு என்னவோ அதே மாதிரி மூச்சு முட்டி உறுமுது, சத்தம் மட்டும் டிவி அளவுக்கு. "இப்ப ஓகேண்ணா, ஆனா படுக்குற நேரம் வேணாமே"ன்னார். நியாயம்தானே. 1 வாட்டுங்கிறது மௌனம் இல்ல, அதுவும் சத்தம்தான். அடக்கக்கூடிய சத்தம்.

அவர் அன்னிக்குப் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னார். ரொம்ப நேரம் உத்துப் பார்த்தார். "எங்க லைன்ல வர்ற போர்டுல பாகம் எல்லாம் கண்ணுக்கே தெரியாதுண்ணா. இது கையால வச்சதா? இந்தப் பல்பு எதுக்கு எரியுது?"ன்னார். சொன்னேன். அடுத்த ஆஃப் நாள்ல அவருக்கு ஒண்ணு செய்யலாமான்னு கேட்டார். அவருக்கு கிட்டார் வாசிக்கத் தெரியாது. ஃபோன்ல ராஜா பாட்டு கேக்கணுமாம், வால்வுல.

இப்ப அவரோட ஷிஃப்ட் சார்ட் எங்க வீட்டு ஃபிரிட்ஜ் மேல ஒட்டியிருக்கு. இந்த வாரம் நைட். அதனால நான் சாயங்காலம் ஆறு மணிக்கு மேலதான் வாசிக்கிறேன்.

உங்க ஊர்ல பரண் மேல, மைக் செட் கடைல, ரிப்பேர் கடை மூலைல இந்த மாதிரி செத்த ஆம்ப் ஏதாவது கிடந்தா, காயலான் கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு குரல் கொடுங்க சாமிகளா. தம்பிக்கு இன்னும் ஒரு ஈஎல்84 தேவைப்படுது.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு ஆர்வக்கோளாறுல நேரா பிளக்குல கைய வைக்காதீங்க. முதல் பெட்டியைச் செய்யும்போது, விஷயம் தெரிஞ்ச ஒரு அண்ணாச்சி பக்கத்துல இருக்கணும். எல்லா ஊர்லயும் ஒருத்தர் இருப்பார், தேடிப் பாருங்க.